அம்மாயி கடை: நீலகிரியில் ஒரு சாப்பாட்டுக்கடையின் வரலாறு

2003ஆம் ஆண்டு முனைவர் பட்டப் பதிவுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'தேயிலைத் தோட்டத் தொழிலாளி' என்று எழுதினேன். தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்படித்தான் எழுதிப் பழக்கம். பதிவுக் கட்டணத்துக்கான பணத்தை அன்று விடிகாலையில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்திருந்தார். நோட்டுகளில் கோதுமை மாவு ஒட்டியிருந்தது.

அம்மா அப்போது இருபத்தாறு வருடங்களாக ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, இரவு ஒன்பது மணிக்குக் கடைசிச் சட்டியைக் கவிழ்ப்பவர். பெண்ணெழுத்து, பெண்மொழி என்று வகுப்பறையில் பேசத் தொடங்கியிருந்த நான் அவரை 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கடை இருந்தது கோத்தகிரியிலிருந்து இறங்கும் ஒரு பாதையில், பத்துப் பதினைந்து கடைகள் மட்டுமே உள்ள சின்ன பஜாரில். தகரக் கூரை, நாலு மேசை, எட்டு பெஞ்சு. பெயர்ப்பலகையில் தாத்தாவின் பெயரும் அதற்குப் பின்னால் 'விலாஸ்' என்ற சொல்லும் இருந்தன. பஜாரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் 'அம்மாயி கடை' என்றார்கள். மற்றவர்கள் 'சிலோன்காரங்க கடை' என்றார்கள். நீலகிரி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரி வந்ததில் தொடங்கும். 1899இல் மலை ரயில் குன்னூரை எட்டியதும் 1908இல் உதகையை எட்டியதும் அவற்றில் இருக்கும். துரைமாரின் பங்களாக்களும் கிளப்புகளும் இருக்கும். மலையேறி வந்தவர்களுக்கும் மலையில் உழைத்தவர்களுக்கும் யார் சோறாக்கினார்கள் என்பது இருக்காது.

கோச்சியும் கப்பலும்

அம்மாயி பிறந்தது இலங்கையில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவருடைய அம்மா பிறந்ததும் அதே லயத்தில்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு அரசுகளும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டன.

இந்தியாவுக்குப் போகிறோம் என்று எங்கள் வீட்டில் மனுப் போட்டது தாத்தா. அம்மாயிடம் யாரும் கேட்கவில்லை. "நம்ம பேரும் அதுல இருக்குன்னு உங்க தாத்தா சொன்னப்பதான் எனக்குத் தெரியும். அப்ப கொழுந்துக் கூடையைக்கூட இறக்கல" என்பார். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் உணவுப் பஞ்சம். ரேஷன் அரிசியும் மாவும் சுருங்கின. பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தப் பசி நிறையக் குடும்பங்களைக் கப்பல்துறைக்குத் தள்ளியது. எங்கள் குடும்பம் 1974இல் புறப்பட்டது. மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். போகிறவர்களும் இருப்பவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம். அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்.

தாயகம் திரும்பியோருக்கு அரசு பல மறுவாழ்வுத் திட்டங்களை வைத்திருந்தது. தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், பிற்பாடு டான்டீ என்ற நிறுவனமானது, அவற்றில் ஒன்று. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் கொடுக்கப்பட்டது வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் கவாத்து வெட்டியும் வாழ்ந்தவர்களிடம், அவர்கள் பார்த்தே இராத ஊர்களில் கடை வைக்கச் சொன்னார்கள். கடன் குடும்பத் தலைவர் பெயரில் வந்தது. குடும்பத் தலைவர் என்றால் ஆண்.

தாத்தா அந்தப் பணத்தில் திருச்சிப் பக்கம் மூதாதையர் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்தார். சொந்தக்காரர்கள் என்று தேடிப் போனவர்களுக்கு அந்த ஊரில் கிடைத்தது சேரியின் ஓரத்தில் ஒரு குடிசை. லயத்திலும் சாதி இருந்தது. கங்காணி வீட்டுக்காரர்கள் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆனால் கிராமத்தில் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் எங்கள் பெட்டிக்கடையில் பொருள் வாங்கவில்லை. எட்டு மாதத்தில் கடை மூடியது. அதன் பிறகு, தேயிலை எங்கே இருக்கிறதோ அங்கே போவோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் செய்ததை எங்கள் குடும்பமும் செய்தது. மலையேறியது.

மலையில் காத்திருந்ததும் நல்வாழ்வு இல்லை. கொடைக்கானல் மலையில் தாயகம் திரும்பியோர் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்தது 1980களில் வெளியே தெரிந்தது. நீலகிரியில் நிறையப் பேர் பட்டா இல்லாத நிலத்தில் குடிசை போட்டுத் தினக்கூலிக்குப் போனார்கள். அம்மாயியும் அம்மாவும் சிறு தோட்டங்களில் கொழுந்து எடுத்தார்கள், கேரட் தோட்டத்தில் களை பறித்தார்கள்.

தோடு

'தாத்தா கடை வச்சார்' என்றுதான் எங்கள் வீட்டில் கதை தொடங்கும். எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகு, ஏன் அம்மாயியின் காது வெறுங்காதாகவே இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். "அதுதான் கடை" என்றார்.

1977இல் அம்மாயி தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்தார். அவை மீளவில்லை. அந்தப் பணத்தில் கட்டடத்துக்கு முன்பணம், இரண்டு இரும்புச் சட்டி, ஒரு தோசைக்கல், பெஞ்சுப் பலகை. தாத்தாவுக்கு வந்த அரசுக் கடன் பெட்டிக்கடையோடு முடிந்துபோயிருந்தது. ஆகவே இந்தக் கடையின் முதலீடு முழுவதும் ஒரு பெண்ணின் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் வந்தது. உழைப்பு இரண்டு பெண்களுடையது, அம்மாயியும் பதினாறு வயது அம்மாவும். பஞ்சாயத்து உரிமம் தாத்தா பெயரில், வாடகை ஒப்பந்தம் தாத்தா பெயரில், பலகை தாத்தா பெயரில். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வேறு விதமாகச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அம்மாயிக்கும் தோன்றவில்லை. வரலாறு எழுதும்போது இதைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுப்படி

அம்மாயி சமைத்தது லயத்துச் சாப்பாடு. கோதுமை மாவில் தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையால் தட்டி, கல்லில் போட்டெடுக்கும் கனமான ரொட்டி. தொட்டுக்கொள்ளச் சம்பல்: தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, புளிப்புக்கு எலுமிச்சை. இலங்கையில் மாசி போட்டு இடிப்பார்கள். இங்கே மாசி இல்லை என்பதால் மேட்டுப்பாளையம் சந்தையிலிருந்து வரும் கருவாடு. தேங்காயும் கீழேயிருந்துதான் மலையேற வேண்டும். விலை ஏறும்போது தேங்காயைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டினார்கள். பாலில்லாத சாயத்துக்கு அவர் தேத்தண்ணி என்பார், பஜாரில் கட்டன்சாயா என்பார்கள். நல்ல இலையெல்லாம் ஏலத்துக்குப் போய்விட, கொழுந்து பறித்தவர்களின் குவளைக்கு வந்தது டஸ்ட்தான்.

ரொட்டி தோட்டத்து ஆட்களுக்குப் பிடித்துப்போனதற்கு ருசி மட்டும் காரணமல்ல. காலையில் இரண்டு ரொட்டி தின்றால் மத்தியானம்வரை வயிறு கேட்காது. ஆறிப்போனாலும் துணியில் முடிந்து எடுத்துப்போகலாம். லயத்துப் பெண்கள் பிரட்டுக்களத்துக்கு ஓடுவதற்கு முன் செய்துவைக்கக் கண்டுபிடித்த உணவு அது. உழைப்பின் நேரக் கணக்கு அதன் மாவிலேயே இருந்தது. பிற்பாடு ஒரு படகர் பாட்டியிடம் கேட்டு அம்மா அவரைக்குழம்பு வைக்கக் கற்றார். பாட்டி அவரைக்காயோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாராம். சோறும் அவரைக்குழம்பும் மத்தியானச் சாப்பாடானது.

விறகுக்கு மிலாறு. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை மலையகத்தில் அப்படித்தான் சொல்வோம். மழைக்காலத்தில் அது புகையும். தண்ணீர் கீழ்த் துறையிலிருந்து ஒரு நாளைக்கு இருபது குடமாவது ஏற வேண்டும். ஆட்டுக்கல்லில் தோசைக்கு மாவாட்டுவது அம்மாவின் வேலை. கிரைண்டர் எங்கள் கடைக்கு 1990களின் நடுவில் வந்தது. 2011இல் அரசு வீட்டுக்கு வீடு கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபோது அம்மாவின் வலது தோள் மேலே தூக்க முடியாதபடி இறுகியிருந்தது. பெட்டியைப் பார்த்து, "பதினஞ்சு வயசுல குடுத்திருக்கணும்" என்றார்.

சமையலறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு சுவர். அதில் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அம்மாயியும் அம்மாவும் அந்தப் பக்கம், தாத்தாவும் மாமாவும் இந்தப் பக்கம். 'பொம்பள பரிமாறுனா கடைக்குப் பேரு கெட்டுடும்' என்பது தாத்தா வைத்த சட்டம். பதினான்கு வருடம் அந்தத் திறப்பு வழியாகக் கைகள் மட்டும் வெளியே வந்தன.

தமிழில் உணவுக்கடைகளின் சமூக வரலாறு எழுதப்படாமல் இல்லை. காப்பியும் தேநீரும் யார் யாருடைய பானங்களாயின என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். ஓட்டல் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்று இருப்பதை எதிர்த்து 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பெரியார் நடத்திய போராட்டம் நம் அரசியல் நினைவின் பகுதி. பலகையும் பந்தியும் சாதியின் களங்கள் என்பதை இவற்றிலிருந்து கற்றோம். அந்தப் பாடத்தைச் சுவரின் மறுபக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் நான் அதைத்தான் தேடினேன்.

பெஞ்சு

கொழுந்து எடுக்கும் பெண்கள் எங்கள் கடையில் டீ குடித்தார்கள். ஆனால் உட்கார்ந்து குடித்ததில்லை. பின்வாசலில் கூடையை இறக்காமலே நின்று, அம்மாவிடம் குவளை வாங்கி, இரண்டு வாயில் முடித்துப் போய்விடுவார்கள். முன்பக்கம் ஆண்களின் இடம். பேப்பர், ரேடியோ, கட்சிப் பேச்சு, சம்பளப் பேச்சு எல்லாம் அங்கே. ஒரு தேயிலைத் தோட்டத்தின் வேலைநிறுத்தம் பற்றிப் பேச்சு நடந்தபோது, அதில் வேலை நிறுத்தப்போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், பின்வாசலில் நின்று கேட்டதாக அம்மா சொல்வார்.

1991இல் தாத்தாவுக்குப் பக்கவாதம். மாமா அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். ஒரு வாரம் கடை மூடியிருந்தது. எட்டாம் நாள் காலை அம்மாயி சேலை மாற்றிக்கொண்டு முன்னால் வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அதற்குப் புரட்சி என்று பெயரில்லை. வட்டிக்காரர் வந்து நின்றுவிட்டார், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் ஆண்கள் சிலர் வரவில்லை. சிலர் காசை அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "ஆம்பள இல்லாத கடையா" என்று கேட்டதற்கு அம்மாயி, "ரொட்டி ஆம்பள ரொட்டி வேணுமா, பொம்பள ரொட்டி வேணுமா?" என்றாராம்.

கல்லாவுக்கு வந்த பிறகு அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் இந்தக் கடை வரலாற்றின் முக்கியமான நிகழ்ச்சி என்பேன். அடுப்படியில் ஒரு பெஞ்சைப் போட்டார். மழையில் நனைந்து வரும் பெண்கள் கூடையை இறக்கி அடுப்புப் பக்கம் உட்கார்ந்து குடிக்கட்டும் என்று. எனக்கு அப்போது பதினோரு வயது. அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். இலை எடை போடும்போது ஈரத்துக்கு என்று எவ்வளவு கழிக்கிறார்கள், எந்த மேஸ்திரியிடம் தனியாகப் போகக்கூடாது, எந்த ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்காமல் பார்ப்பார்கள், யார் வீட்டுப் பெண்ணை யார் அடித்தார் என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டது. ஒரு வருடத்தில் பெஞ்சு போதவில்லை. ஒரு மழை நாளில் நான்கு பெண்கள் முன்பக்க மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அம்மாயி எதுவும் சொல்லவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்களும் எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது.

டம்ளர்

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடியும். ஆனால் அம்மா இன்னொன்றையும் சொன்னார்.

பஜாரின் மற்றக் கடைகளில் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த அவமானம் அம்மாயிக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கடைக்கே சில ஆண்கள் வந்து ரொட்டியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்வார்கள், உட்காரமாட்டார்கள். 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வராமலே போனவர்களும் உண்டு. அதே அம்மாயி, தேனும் விளக்குமாறும் விற்க வரும் இருளர் பெண்களுக்கென்று பின்வாசல் எரவாணத்தில் இரண்டு அலுமினிய டம்ளர்களைச் செருகி வைத்திருந்தார். அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, செருகிவிட்டுப் போவார்கள். அடுப்படியில் பெண்களுக்கான பெஞ்சு போட்ட பிறகும் அந்த டம்ளர்கள் எரவாணத்தில்தான் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்த பெண்களில் இருளர் பெண்கள் இல்லை.

"தப்புன்னு தோணலியா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"தோணுச்சு. ஆனா அம்மாவை எதுத்துப் பேசற தைரியம் இல்ல. அப்பாவை எதுத்துக்கூடப் பேசிருக்கேன். அம்மாவைப் பேச முடியல."

அம்மாயிக்குக் கண் மங்கி, கல்லாவிலிருந்து எழுந்த வருடம், அது 1996, அம்மா அந்த டம்ளர்களை எடுத்துப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார். மறுநாள் வந்த இருளர் அக்காவுக்குக் கடைக் குவளையில் டீ கொடுத்து பெஞ்சைக் காட்டினார். அந்த அக்கா உட்காரவில்லை. டம்ளர் எங்கே என்று எரவாணத்தைத் தேடிவிட்டு, குவளையை வாங்கி நின்றுகொண்டே குடித்தாராம். மூன்றாம் முறையோ நாலாம் முறையோதான் உட்கார்ந்தார்.

ஒடுக்கப்பட்டவர்கள் என்பதாலேயே நாம் ஒடுக்காமல் இருந்துவிடுவதில்லை. பெண்களின் வெளி என்று நான் மகிழ்ச்சியோடு எழுதிய அந்தப் பெஞ்சுக்கு ஐந்து வருடம் ஒரு காவல் இருந்தது. காவல் இருந்தது என் அம்மாயி. அவரை நேசிப்பதற்காக இதை மறைக்க முடியாது.

பற்று நோட்டு

இந்தக் கடையின் வரலாற்றுக்கு எழுத்துச் சான்று என்று என்னிடம் இருப்பவை மூன்று பற்று நோட்டுகள். அம்மா எழுதியவை. வாடிக்கையாளர்களுக்குப் பெயர் இல்லை, அடையாளம்தான். 'சிவப்பு ஸ்வெட்டர்', 'பாலத்து அக்கா', 'ரெட்டைப்புள்ள அம்மா', 'மருந்தடிக்கிறவர்'. பக்கத்தில் ரொட்டிக்கு வட்டம், டீக்குக் கோடு, சோற்றுக்குப் புள்ளி. கணக்கு தீர்ந்தால் குறுக்கே ஒரு கீற்று.

1997 நோட்டில் பெரும்பாலான பக்கங்களில் கீற்று இருக்கிறது. 1999, 2000 நோட்டில் பக்கம் பக்கமாகக் கீற்றே இல்லை. சோவியத் ஒன்றியம் உடைந்து அந்தச் சந்தை கலங்கியதும், 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததும், சிறு விவசாயிகள் தெருவில் இறங்கியதும் பொருளாதார நூல்களில் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதற்கு முன்பே அம்மாவின் நோட்டில் அந்தச் சரிவு கோடும் வட்டமுமாக இருந்தது. சிறு விவசாயி இலையைப் பறிக்காமல் விட்டால் கூலிப் பெண்ணுக்கு வேலை இல்லை. அவளுக்கு வேலை இல்லையென்றால் எங்கள் நோட்டில் கீற்று இல்லை. ஆனாலும் வட்டங்கள் குறையவில்லை. அதாவது, காசு வராதபோதும் அம்மா ரொட்டி கொடுத்திருக்கிறார். 'ரெட்டைப்புள்ள அம்மா' கணக்கு இன்றுவரை தீரவில்லை. "அது குடுத்துருச்சு" என்கிறார் அம்மா. "எப்போ?" என்றால், "நீ பொறந்தப்ப பத்து நாள் வந்து எனக்கு வெந்நி வச்சு ஊத்துச்சுல்ல" என்கிறார். அது 1980. கடனுக்குப் பத்தொன்பது வருடம் முன்பே கட்டப்பட்ட பணம்.

மணிமேகலையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அமுதசுரபியைப் பற்றி மாணவிகளுக்குச் சொல்வேன். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம், அதைக் கையில் ஏந்திய பெண், அதில் முதல் பிச்சையிட்ட ஆதிரை. அற்புதமான கற்பனைதான். ஆனால் அள்ள அள்ளச் சுரக்கும் பாத்திரத்துக்கு மாவாட்ட வேண்டியதில்லை, விறகு வேண்டியதில்லை, கழுவ வேண்டியதுகூட இல்லை. சோறிடும் பெண்ணைத் தெய்வமாக்கும்போது அவளுடைய வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. 'அம்மா கை மணம்' என்று நாம் புகழும்போதும் அதுதான் நடக்கிறது.

கணக்கெடுப்பு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை செய்பவர், செய்யாதவர் என்று இரண்டு பிரிவு. வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண் 'வேலை செய்யாதவர்' பட்டியலில் வருவார். அதைப் பெண்ணியப் பொருளாதார ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கேள்வி கேட்டுவருகிறார்கள். அம்மாவின் நிலை அதைவிட விசித்திரமானது. குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உழைப்பவரும் கணக்கெடுப்பின் வரையறைப்படி தொழிலாளிதான். பெண்களின் உழைப்பு விடுபட்டுப் போகிறது என்ற விமர்சனத்தை ஏற்று, 1991 கணக்கெடுப்பில் கேள்வியிலேயே 'குடும்பத் தொழிலில் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் சேர்த்து' என்ற விளக்கத்தை இணைத்தார்கள். விதி அம்மாவின் பக்கம் இருந்தது. கணக்கெடுக்க வந்தவர் கல்லாப் பக்கம் நின்று மாமாவிடம் கேட்டார். "அக்காவா, வீட்லதான் இருக்கு" என்றார் மாமா. அதற்குச் சில அடி தள்ளிச் சுவருக்குப் பின்னால் அம்மா நூறாவது ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார். இது நடந்தது 2001இல், என் கண்முன். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து நானும் அதையே என் கையால் எழுதினேன்.

புகார் நகரத்தில் கள் விற்ற பெண்களைக் குறிக்க 'கள்நொடையாட்டியர்' என்று ஒரு தொழிற்பெயரைச் சிலப்பதிகாரம் வைத்திருக்கிறது. அத்தனை நூற்றாண்டுக்கு முன் கிடைத்த மரியாதை, அம்மாவுக்குத் தாலுகா அலுவலகத் தாளிலும் கிடைக்கவில்லை, முதுகலைத் தமிழ் படித்த மகளின் விண்ணப்பத்திலும் கிடைக்கவில்லை.

விடுதலைப் பத்திரம்

தாத்தா 1998இல் இறந்தார். கடைக்குப் பின்னால் நாலு சென்ட் நிலம் அவர் பெயரில் இருந்தது. கடை வருமானத்தில் வாங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அம்மாயியும் அம்மாவும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். மாமாவுக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரத்தில் அம்மாயி கைநாட்டு வைத்தார், அம்மா கையெழுத்துப் போட்டார். தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'விடுதலை'. அம்மா ஏன் கையெழுத்துப் போட்டார் என்று கேட்காதீர்கள். அண்ணன் தம்பியோடு உறவு வேண்டும் என்பதற்காக நம் வீடுகளில் எத்தனை பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகும் 2012வரை, தோள் முற்றாக மறுக்கும்வரை, அம்மா அந்த அடுப்படியில் நின்றார். மாமா கெட்டவரில்லை. மாதாமாதம் அரிசி மூட்டை அனுப்பினார், என் படிப்புக்கு உதவினார். ஆனால் அது அவர் கொடுத்ததாக இருந்தது, அம்மாவுக்குச் சேர வேண்டியதாக இல்லை. கொடைக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது. செய்தித்தாளை வாசித்துக்காட்டினேன். "உரிமையா?" என்று இரண்டு தடவை கேட்டார் அம்மா. தொகை எவ்வளவு என்று கேட்கவில்லை.

இப்போது கடையை நடத்துவது மாமா மகன். பலகை மாறிவிட்டது. விடுமுறை நாட்களில் உதகைக்குப் போகும் கார்கள் நிற்கின்றன. பலகையில் பெரிய எழுத்தில் 'சிலோன் ரொட்டி, சிலோன் சம்பல்' என்று இருக்கிறது. 1977இல் 'சிலோன்காரி' என்பது அம்மாயியின் முகத்துக்கு நேரே எறியப்பட்ட வசை. இன்று அதுதான் வியாபாரம். சமையலறைச் சுவரை இடித்துவிட்டார்கள், உள்ளே வேலை செய்பவர்கள் வெளியே தெரிகிறார்கள். மூன்று பெண்கள். நாள் கூலிக்கு வருகிறவர்கள். அதில் ஒருவர் இருளர்.

என் மாணவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் ஊரில் ஒரு குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக்கடைக்குப் போங்கள். பலகையைப் பார்க்காதீர்கள். பின்வாசலுக்குப் போய், முதலீடு எங்கிருந்து வந்தது, உரிமம் யார் பெயரில், மாவு ஆட்டுவது யார், காசு எண்ணுவது யார், உட்கார்ந்து குடிப்பது யார், நின்று குடிப்பது யார் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்தேன். டம்ளர் பகுதி வந்தபோது நிறுத்தி, வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன். "இருக்கட்டும். நடந்ததுதானே" என்றார். முடித்ததும் ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்.

"மாசி இல்லன்னு எழுதிருக்க. மொத வருசம் இருந்துச்சு. கப்பல்ல வரும்போது அம்மா ஒரு டின்ல கொண்டாந்துச்சு. திருச்சிலயும் பிரிக்கல. கடை தொறந்தப்பதான் பிரிச்சுச்சு. தீர்ற வரைக்கும் அதான் போட்டோம்."